மேற்கே நகர்ந்துகொண்டே போன கடற்கரை

பினாங்குத் தீவின் வட கரையில் இருக்கும் பத்து பெரிங்கி என்றதும் பலருக்குப் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையும் வரிசையாக நிற்கும் பெரிய ஓட்டல்களும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரைக் கொஞ்சம் நிறுத்தி உச்சரித்துப் பாருங்கள். மலாயில் 'பத்து' என்றால் கல், பாறை. 'பெரிங்கி' நமக்கு அந்நியமான சொல்லே அல்ல; அது நம்முடைய பறங்கி. சென்னையின் பறங்கிமலையிலும், கடலூர்ப் பக்கத்துப் பறங்கிப்பேட்டையிலும், சாம்பாரில் போடும் பறங்கிக்காயிலும் இருப்பது இதே சொல்தான். ஐரோப்பாவின் ஃபிராங்க் இனத்தாருடைய பெயர் அரபு, பாரசீக வணிகர்களின் வாய்வழியாகக் கிழக்கே வந்தது. தமிழில் பறங்கி ஆனது, தாய்லாந்தில் ஃபராங் ஆனது, மலாயில் பெரிங்கி ஆனது. ஆக, பத்து பெரிங்கி என்பது பறங்கிப் பாறை.

இதில் இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். முதலாவது, பெரிங்கி என்றதும் ஆங்கிலேயர் என்று முடிவு கட்டிவிடுவது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியரைத்தான் மலாய்க்காரர்கள் முதலில் அப்படி அழைத்தார்கள். இரண்டாவது, 'பத்து' என்பதை மைல் கணக்காக எடுத்துக்கொள்வது. மலாயில் மைல்கல்லுக்கும் 'பத்து' என்றே பெயர். நம் தோட்டத்து மக்கள் 'நாலாங்கட்டை', 'ஏழாங்கட்டை' என்று சொல்வதற்கு நிகரானது அது. இங்கே அந்தப் பொருள் பொருந்தாது. இது கருங்கல் பாறை. கரையோரம் இறங்கி நடந்தால் யானை முதுகு போன்ற பாறைகள் இன்றும் கண்ணில் படும்.

பறங்கிப்பேட்டைக்கும் பினாங்குக்கும் பெயரைத் தாண்டியும் உறவு உண்டு. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை 1801இல் தொடங்கிவைத்த காதர் முகைதீன் மரைக்காயர் அந்த ஊரிலிருந்து வந்தவர். சோழமண்டலக் கரையிலிருந்து கெடாவுக்குக் கப்பல் ஓட்டிய தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு, ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கடல் பழக்கம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பினாங்கின் கடற்கரை ஓய்விடம் ஒரே இடத்தில் பிறந்து வளர்ந்தது அல்ல. அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. நகரத்தை ஒட்டிய கரையில் தொடங்கி, இன்றைய கெர்னி டிரைவ், தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி என்று வட கரை நெடுக மேற்கே நகர்ந்தது. காரணம் இரண்டு. கிட்டத்தில் இருந்த கரை ஒவ்வொன்றும் சேற்றாலோ சுவராலோ குளிக்க ஆகாமல் போனது. அடுத்த கரைக்குப் போகும் பாதை ஒவ்வொன்றாகத் திறந்தது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் வட கரையின் வரலாறு முழுவதும் தெளிவாகப் புரியும்.

1786 ஜூலை 17ஆம் தேதி லைட் தஞ்சோங் பெனாகா முனையில் இறங்கினார். ஆகஸ்ட் 11இல் தீவு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. முதல் நூறு ஆண்டுகளில் ஐரோப்பியர்கள் ஓய்வுக்குத் தேடிப் போனது கடலை அல்ல, மலையை. காய்ச்சலுக்குக் காரணம் தாழ்நிலத்தின் கெட்ட காற்று என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள். லைட் 1794இல் மலேரியாவில்தான் இறந்தார். அதனால் நாம் கொடிமலை என்று அழைக்கும் குன்றின் உச்சியில் பங்களாக்கள் எழுந்தன. நோயாளிகளும் அதிகாரிகளும் மட்டக்குதிரையிலும் ஆட்கள் தூக்கும் நாற்காலியிலும் ஏறிப் போனார்கள். மலை ரயில் ஓடத் தொடங்கியது 1923இல்தான்.

கடலோரத்தில் வீடு கட்டியவர்களும் குளிப்பதற்காகக் கட்டவில்லை, காற்றுக்காகக் கட்டினார்கள். 1805இல் கம்பெனி உத்தியோகத்தில் பினாங்குக்கு வந்த, பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் வட கரையில்தான் ரன்னிமீட் என்ற வீட்டைக் கட்டிக்கொண்டார். அந்தக் கரையோரப் பாதை நார்த்தம் சாலை ஆனது. ஹொக்கியன் சீனர்கள் அதை 'ஆங் மோ லோ' என்றார்கள், அதாவது செம்மயிரர் சாலை. பிறகு ஈயத்திலும் ரப்பரிலும் கப்பலிலும் பணம் சேர்த்த சீனத் தௌக்கேகள், அதாவது முதலாளிகள், அங்கே மாளிகைகள் எழுப்பினார்கள். இன்றைய ஜாலான் சுல்தான் அகமட் ஷா அதுதான். மாளிகைகளின் முகப்பு சாலையைப் பார்க்கும், பின்வாசல் கடலைப் பார்க்கும். எதற்காகக் கரையில் வீடு கட்டினார்கள் என்பதற்கு அந்த அமைப்பே சாட்சி.

ஈ அண்ட் ஓ ஓட்டலும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1880களில் ஈஸ்டர்ன், ஓரியண்டல் என்று இரண்டு ஓட்டல்களை நடத்தி, பிறகு அவற்றை ஒன்றாக்கினார்கள். 842 அடி நீளக் கடல்முகப்பு தங்களுக்கு உண்டு என்று பிற்காலத்தில் விளம்பரம் செய்தார்கள். அதைக் கடற்கரை ஓட்டல் என்று எழுதுகிறவர்கள் தவறு செய்கிறார்கள். கடல்முகப்பு வேறு, கடற்கரை வேறு. அங்கே இருந்தது சுவரும் புல்வெளியும் நிழல் மரங்களும். கப்பலில் வந்து இறங்கிய பயணி ஓரிரு இரவு தங்கி, அடுத்த கப்பலையோ ரயிலையோ பிடிக்கும் இடம் அது. குடும்பத்தோடு வந்து மணலில் ஒரு வாரம் கிடப்பது அப்போது யாருடைய நினைப்பிலும் இல்லை.

நகரத்தை ஒட்டிய கரை ஏன் குளிக்க ஆகாமல் போனது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதே கதைதான் பின்னால் திரும்பத் திரும்ப நடக்கிறது. பினாங்கைச் சுற்றியுள்ள கடல் ஆழமில்லாதது. கெடாவின் மூடா ஆறும் செபராங் பிறையின் ஆறுகளும் கொண்டுவந்து கொட்டும் நுண்மண் எப்போதும் நீரில் மிதந்துகொண்டே இருக்கும். லங்காவியில் தெரியும் தெளிவு இங்கே தெரியாததற்கு இதுவே காரணம். அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அலை ஓரளவு வலுவாக அடிக்கும் கரையில் இந்த நுண்மண் தங்காது. பருமணல் மட்டும் நிற்கும். அலை தளர்ந்த கரையில் நுண்மண் படிந்து சேறாகிவிடும். கரையோரம் நேர்குத்தாகச் சுவர் எழுப்பினால் இன்னொரு கேடு வரும். சரிவான மணலில் ஏறி இறங்கித் தன் வேகத்தை இழக்க வேண்டிய அலை, சுவரில் மோதி முழு வேகத்தோடு திரும்பும்போது அடிமணலை வாரிக்கொண்டு போய்விடும். சுவர் சாலையைக் காக்கும், மணலைக் காக்காது. அந்தக் கரைக்குச் சற்றுத் தள்ளி எங்கேயாவது கடலில் மண் கொட்டி நிலம் எடுத்தால் நீரோட்டமும் தளர்ந்து, மணல் போன இடத்தில் சேறு வந்து உட்காரும்.

கெர்னி டிரைவில் இது அப்படியே நடந்தது. 1930களில் போடப்பட்ட அந்தப் பாதைக்கு முதலில் புதுக் கரையோரச் சாலை என்றுதான் பெயர். 1951 அக்டோபரில் ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கெர்னியின் நினைவாகப் பிறகு பெயர் மாறியது. சுவருக்குக் கீழே முன்பு மணல் இருந்தது, சவுக்கு மரங்கள் நின்றன, மாலையில் குடும்பங்கள் இறங்கி நடந்தன. பிறகு மணல் போய்ச் சேறு வந்தது. பல ஆண்டுகள் நீர் வற்றிய நேரத்தில் அங்கே கண்ணுக்கு எட்டியவரை சதுப்பும், அதில் மேயும் கொக்குகளும்தான் தெரிந்தன. இப்போது அதற்கும் மேல் மண் நிரப்பிப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். சாலையோரப் பழைய சுவரில் நின்று கடலைத் தேடுகிறவருக்கு முன்னால் இன்று புல்தரைதான் விரிந்து கிடக்கிறது.

அதற்கு அடுத்து வரும் பாகான் ஜெர்மால் பெயரிலேயே தன் தொழிலை வைத்திருக்கிறது. ஜெர்மால் என்பது கடலில் கம்பங்கள் நட்டு மீனை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடிக்கும் பொறி. பாகான் என்பது படகு இறங்கும் துறை. வட கரை முழுவதும் ஆதியில் மீனவர் கரைதான் என்பதை ஊர்ப் பெயர்கள் இன்னும் காத்து வைத்திருக்கின்றன. அவற்றை மாற்றிவிட்டு அடுக்குமாடிகளின் விளம்பரப் பெயர்களை வழக்கத்துக்குக் கொண்டுவருவதை எதிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயர் போய்விட்டால் அந்த இடத்தின் முதல் நூறு ஆண்டுகளும் அதோடு போய்விடும்.

தஞ்சோங் தோக்கோங்கில் கம்பம் என்று நாம் சொல்லும் மலாய்க் கிராமமும் சீனக் கோயிலும் அருகருகே இருக்கின்றன. கோயில் துவா பே கோங் தெய்வத்துக்கு உரியது. லைட்டுக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்ததாக மரபில் சொல்லப்படும் சாங் லீ என்ற ஹக்கா சீனரும் அவருடைய இரண்டு தோழர்களும் அங்கே வணங்கப்படுகிறார்கள். சீனப் புத்தாண்டின் 14ஆம் நாள் இரவு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, தூபக்காலிலிருந்து தீச்சுடர் எவ்வளவு உயரம் எழுகிறது என்று பார்ப்பார்கள். அந்த ஆண்டு பினாங்கின் வியாபாரம் எப்படி இருக்கும் என்பதற்கு அது குறி. வரலாறு தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் கோயில் இன்னொரு வகையிலும் உதவும். பழைய கரைக்கோடு எது என்று கண்டுபிடிக்க அது நல்ல அடையாளம். அந்தப் பக்கத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ உட்பட இன்று காணும் பெரிய வணிக வளாகங்கள் 2000களில் கடலில் மண் நிரப்பி எடுத்த நிலத்தில் நிற்பவை. அவற்றை வைத்துப் பழைய படங்களை ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. கோயிலிலிருந்தும் பழைய தஞ்சோங் தோக்கோங் சாலையிலிருந்தும் அளக்க வேண்டும்.

தஞ்சோங் பூங்கா வந்ததும் நிலம் மாறுகிறது. 'பூங்கா' என்று தமிழில் எழுதினால் தோட்டம் போலத் தோன்றும். மலாயில் 'புங்கா' என்றால் பூ. ஊர்ப் பெயரின் பொருள் பூமுனை. இங்கிருந்து மேற்கே குன்றுகள் கடலுக்குள் கால் நீட்டுகின்றன. இரண்டு முனைகளுக்கு நடுவே வளைந்து உள்வாங்கிய சிறு சிறு கரைகள். கருங்கல் சிதைந்து உதிர்ந்த பருமணல் அந்த வளைவுகளுக்குள் அடைபட்டு நிற்கும். இரு பக்கத்துப் பாறை முனைகள் அதைப் போகவிடாமல் காக்கும். வட கரையில் மணல் நிலைத்தது இந்தப் பாறைகளால்தான்.

முதல் நீச்சல் கழகம் இங்கே அமைந்தது தற்செயல் அல்ல. பினாங்கு நீச்சல் கழகம் 1903இல் தஞ்சோங் பூங்காவில் தொடங்கியது. நகரத்துக்குள் இருந்தவர்கள் இவ்வளவு தூரம் குதிரை வண்டியில் வந்து குளித்தார்கள் என்றால், நகரக் கரை அதற்குள்ளேயே கைவிடப்பட்டது என்று பொருள். அந்தக் கழகம் நீண்ட காலம் ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான் திறந்திருந்தது. சீனர்கள் தங்களுக்கென்று ஒரு நீச்சல் கழகத்தை இதே கரையில் அமைத்துக்கொண்டார்கள். தமிழர்களுக்குக் கழகமும் இல்லை, கதவும் திறக்கவில்லை. பெயர்ப்பலகை இல்லாத கரையில் குளித்தார்கள்.

ஆனால் கடலில் இறங்குவதை ஐரோப்பியர்தான் இங்கே கொண்டுவந்தார்கள் என்று எழுதுவது பெரும் பிழை. சஃபர் மாதத்துக் கடைசிப் புதன்கிழமை மலாய்க் குடும்பங்கள் உணவு கட்டிக்கொண்டு வந்து கடலில் நீராடும் 'மண்டி சஃபர்' வழக்கம் இந்தக் கரைகளில் பெரிய திருவிழாவாக நடந்தது. மார்க்க அறிஞர்கள் எதிர்த்த பிறகு அது மெல்ல மறைந்தது. நமக்கு மாசி மகம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஓட்டல்கள் வருவதற்கு முன் இந்தக் கரைக்குக் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் இவர்கள்தான். சுற்றுலாத் துறையின் பிரசுரங்களில் இதற்கு இரண்டு வரியாவது ஒதுக்க வேண்டும்.

தஞ்சோங் பூங்காவைத் தாண்டிய பாதை வேறு குணம் உடையது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் நேரே கடல், நடுவில் மலையை வெட்டி எடுத்த குறுகிய தட்டு. தீவின் தொடக்க காலப் பாதைகளுக்கு இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகளின் உழைப்பு கிடைத்தது. பிறகு பொதுப்பணித் துறையின் கல்லுடைக்கும், தார் ஊற்றும், கால்வாய் சுத்தம் செய்யும் கூட்டங்களில் தமிழர்களே மிகுந்திருந்தார்கள். இந்தப் பாதையில் அவர்களுக்கு வேலை ஓயவே இல்லை. கருங்கல் மழையிலும் வெப்பத்திலும் உள்ளுக்குள் சிதைந்து பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகிக் கிடக்கும். அதற்குள் சிதையாத உருண்டைப் பாறைகள் புதைந்திருக்கும். சரிவின் அடியை வெட்டிப் பாதை போட்டால் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை கொட்டும்போது மண் நீர் குடித்துக் கனத்து வழியும், உருண்டைகள் கழன்று சாலையில் விழும். சரிவில் வடிகால் அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் மருந்து. அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

பத்து பெரிங்கிக்கு நகரத்தின் கவனம் திரும்பியதற்குக் கடல் காரணமே அல்ல, குடிநீர்தான் காரணம். அந்தக் குன்றுகளின் ஓடைகளைத் திருப்பி, குழாய் வழியே நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1929இல் மவுண்ட் எர்ஸ்கின் குன்றில் கட்டிய கில்மார்ட் நீர்த்தேக்கத்தில் அந்த நீர் சேர்ந்தது. நீர்ப்பிடிப்புக் காடு என்று ஒதுக்கியதால் மேட்டுச் சரிவுகள் வெட்டுப்படாமல் தப்பின. ஓட்டல் பின்னணியில் தெரியும் பச்சை மலைக்காக நாம் நன்றி சொல்ல வேண்டியது நகராட்சியின் குடிநீர்ப் பொறியாளர்களுக்கு.

மலையின் கீழ்ச்சரிவுகளில் பழத்தோட்டங்கள், கிராம்பு, சாதிக்காய். கம்பெனி 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கிய பயிர்கள் அவை. 1860 வாக்கில் வந்த நோயில் சாதிக்காய்த் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. சிறு தோட்டங்களில் மீண்டும் நட்டு வளர்த்தார்கள். பினாங்கில் சாதிக்காயின் சதையை ஊறவைத்துத் தின்பதும் சாறு பிழிந்து குடிப்பதும் அந்தக் காலத்திலிருந்து வந்த பழக்கம்.

1941 டிசம்பர் 11இல் ஜப்பானிய விமானங்கள் தீவின் நகரமான ஜார்ஜ் டவுனில் குண்டு வீசின. 19ஆம் தேதி தீவு அவர்கள் கைக்குப் போனது. 1943இலிருந்து ஜெர்மன் நீர்மூழ்கிகளும் பினாங்கைத் தளமாக வைத்திருந்தன. கரையோரப் பெரிய வீடுகளில் முன்பு இருந்தவர்களில் பலர் சிறையில், பலர் நாட்டை விட்டே போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஆல்பர்ட் மெக்கெர்ன். ஜப்பானியர் காவலில் சுமத்ராவில் 1945இல் இறந்தார். பத்து பெரிங்கி மணலில் அவருக்கு இருந்த வீடுதான் 1948இல் லோன் பைன் ஓட்டலாகத் திறந்தது. பத்து பெரிங்கியின் ஓட்டல் வரலாறு இந்த ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. பெயரில் பைன் இருந்தாலும் அந்த மரம் பைன் அல்ல, நம் சவுக்கு, மலாயில் 'ரு'. ஊசி போன்ற கிளைகளைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் பைன் என்று அழைத்தார்கள். உப்புக் காற்றைத் தாங்கி, மணலில் வேர் பரப்பிப் பிடித்து நிற்கும் மரம் அது.

அதே 1948 ஜூனில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரகாலம் தொடங்கியது. மலாயாவில் குவிந்த பிரிட்டிஷ் படைகளுக்கு ஓய்வு இடம் தேவைப்பட்டது. தஞ்சோங் பூங்காவில் சாண்டிகிராஃப்ட் என்ற விடுப்பு நிலையம் நடந்தது. காட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் அங்கே சில நாள் தங்கிப் போவார்கள். வியட்நாமின் டாலாட்டிலிருந்து இடம்பெயர்ந்த டாலாட் பள்ளி 1971இல் அந்த இடத்துக்கு வந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1950களின் பிற்பகுதியிலிருந்து பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலிய விமானப்படை இருந்தது. 1988இல் தளம் மலேசிய விமானப்படையிடம் முழுமையாக ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களில் நிறையப் பேர் தீவில் வாடகைக்கு இருந்தார்கள். ஆண்கள் பெர்ரியில் அக்கரை போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்காப் பக்கத்தில் முற்றமும் தோட்டமும் உள்ள ஒற்றை மாடி வீடுகள் வரிசையாக எழுந்தது இவர்களுடைய வாடகையை நம்பித்தான். தோட்ட வேலை, சமையல், துணி வெளுப்பு, தையல், வாடகைக் கார் என்று அந்த வீடுகளைச் சுற்றி ஒரு பிழைப்பு உருவானது. நம்மவர்களும் அதில் கணிசமாக இருந்தார்கள். வாரக்கடைசியில் கடலுக்குப் போய் ஒரு நாள் முழுவதும் கழித்துவிட்டு வருவது பினாங்கில் பரவலான பழக்கமாக வேரூன்றியது இந்த ஆண்டுகளில்தான் என்பது என் கணிப்பு.

கார் இல்லாதவர்களுக்கு நீல பஸ் இருந்தது. அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் போகிறது என்பதை பஸ்ஸின் நிறமே சொல்லிவிடும்: ஆயர் ஈத்தாம் பக்கம் பச்சை, பாலிக் பூலாவ் பக்கம் மஞ்சள், வட கரைக்கு ஹின் கம்பெனியின் நீலம். அதன் பழைய பணிமனை ஜாலான் குருத்வாராவில் இன்று ஓவியக் கூடமாக இருக்கிறது. 1960களின் கடைசியில் தோளில் மூட்டையோடு வந்த ஹிப்பிகள் பத்து பெரிங்கிக்கும் தெலுக் பஹாங்குக்கும் போய்ச் சேர்ந்ததும் இந்த பஸ்ஸில்தான். கம்பத்து வீடுகளில் அறை எடுத்தார்கள், சாப்பாட்டுக் கடைகளில் கணக்கு வைத்தார்கள். கம்பத்து மக்கள் தங்கள் வீட்டையே விடுதியாக்கிச் சம்பாதிக்க முடியும் என்று கண்டுகொண்ட காலம் அது. ஓட்டல் காலத்தில் அந்த வருமானம் பெரும்பாலும் அவர்கள் கையை விட்டுப் போனது. இந்தக் கரையின் கதையில் எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்.

பெரிய திருப்பம் 1969. அந்த ஆண்டோடு ஜார்ஜ் டவுன் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. அதை நம்பியிருந்த வணிகம் சரிந்தது, இளைஞர்களுக்கு வேலை இல்லை. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூவின் அரசு, நேத்தன் நிறுவனம் தயாரித்த பெருந்திட்டத்தைப் பின்பற்றி இரண்டு பக்கம் காலூன்றியது: தெற்கே தொழிற்சாலை, வடக்கே சுற்றுலா. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியது. பத்து பெரிங்கியில் ராசா சாயாங் ஓட்டல் 1973இல் திறந்தது. இந்த இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் படிக்கக் கூடாது. ஒரே நெருக்கடிக்குக் கிடைத்த இரண்டு விடைகள் அவை.

ராசா சாயாங் செய்ததை அடுத்து வந்தவர்கள் எல்லோரும் செய்யவில்லை. அது நிலத்தில் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரங்களைக் காத்து, அவற்றைச் சுற்றிக் கட்டியது. கூரை மட்டும் எருமைக் கொம்பு போல வளைந்த மினாங்கபாவ் பாணி. அழகுதான், ஆனால் அது நெகிரி செம்பிலான் வழக்கம், பினாங்குக் கரையின் மலாய் வீடு அப்படி இருக்காது. 1979இல் கோல்டன் சாண்ட்ஸ் வந்தது. 1985இல் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் திறந்தபின் தீபகற்பத்துக் குடும்பங்கள் காரிலேயே வந்து இறங்கின. பாறைக்கும் ஆற்றுவாய்க்கும் இடைப்பட்ட மணல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஓட்டல் எழுந்தது.

இங்கே ஒரு சட்ட விவரம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏற்ற நீர்க் கோட்டுக்கும் வற்ற நீர்க் கோட்டுக்கும் இடைப்பட்ட கரை மாநில அரசின் நிலம். ஓட்டலின் சொத்து அல்ல. ஓட்டலுக்கு முன்னால் ஈர மணலில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். சாலையிலிருந்து கரைக்கு இறங்கும் சந்துகள்தான் குறைந்துவிட்டன. இருக்கிற சந்துகளைத் தெரிந்துவைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தால்தான் அவை மூடப்படாமல் இருக்கும்.

இத்தனையையும் ஒரே நாளில் கண்ணால் பார்த்துவிடலாம். ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து தெலுக் பஹாங் போகும் ரேபிட் பினாங்கு 101ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். தூரம் சுமார் 20 கிலோமீட்டர். வழி மேற்கே போவதால் கடல் வலப்பக்கம் வரும், வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். தஞ்சோங் பூங்காவில் சாலை நெரிந்து பாதி நாள் போய்விடும். போகும் முன் கடல் ஏற்ற, வற்ற அட்டவணையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே நீர் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் நகரத்துப் பக்கம் தொடங்கினால் எங்கே சேறு, எங்கே மணல் என்ற வேறுபாடு வெளிச்சமாகத் தெரியும். ஏற்றத்தில் போனால் எல்லாக் கரையும் ஒரே மாதிரிதான் தெரியும். பினாங்கில் மழை குறைந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் வரலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கடலில் இறங்குவதானால் சொறிமீன் இருக்கிறதா என்று அங்கே படகு வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

101 கடைசியாக வந்து நிற்கும் தெலுக் பஹாங்கில் சாலை கடலை விட்டு விலகி பாலிக் பூலாவ் பக்கம் மலை ஏறுகிறது. அதற்கு அப்பால் வட கரையில் கார் போகும் வழி இல்லை. காடும், 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கமும்தான். 2003இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. மேற்கே நகர்ந்துகொண்டே வந்த ஓய்விடம் இங்கே நின்றுபோனதற்கு அந்தப் பாதை இல்லாததே காரணம்.

மீனவர் படகுகள் கட்டிய இந்தக் குடாவில்தான் ஸ்ரீ சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் மாசி மகம் நடக்கிறது. அம்மன் தெப்பத்தில் ஏறிக் கடலுக்குள் போவாள். கரையில் நிற்கும் கூட்டம் அகல் விளக்கை ஏற்றி நீரில் விடும். விளக்குகள் முதலில் கரையை ஒட்டியே தயங்கி நிற்கும். நீர் வற்றத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக விலகி, படகுகளைத் தாண்டி இருட்டுக்குள் போகும்.